சிவப்பு விளக்கு அணைந்தது, உடைசல் போகவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி வந்து நின்றார். "டெலிபோன் சார் வீடு இதுதானே?" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் ஊர்க்காரர்களுக்கு நான் டெலிபோன் சார்தான். உள்ளே வரச் சொன்னேன்.

"எங்க தாத்தா கர்ணன் வேஷம் கட்டினதை நீங்க ரெக்கார்டு பண்ணியிருக்கீங்கன்னு ஊர்ல சொன்னாங்க சார். வர்ற சித்திரையில நான் அந்த வேஷம் கட்டறேன். அவரு பாட்டு எப்படிப் போகும்னு கேட்டுப் படிக்கணும். வேற எங்கயும் இல்ல சார்."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. பதிவு இருக்கிறது. ஆறு மணி நேரப் பதிவு. அதை ஏன் இத்தனை வருஷமாக யாருக்கும் கொடுக்கவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். கையில் சின்ன ரெக்கார்டரோ செல்போனோ வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களையும் கோயில் விழாக்களையும் பதிவு செய்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. என் தம்பி மகன் அதை ஒத்துக்கொள்வதில்லை. அவன் சொல்வதையும் பின்னால் சொல்கிறேன்.

2009 பங்குனியில் என் பெரியப்பா இறந்துபோனார். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற பக்கம், கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வயதானவர் கருமாதிக்கு கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம். கர்ணன் தன் தர்மத்தையெல்லாம் கொடுத்துவிட்டு மோட்சம் போகிற கதை. செத்தவருக்கும் அந்த வழி கிடைக்கட்டும் என்பது நம்பிக்கை. பெரியப்பாவின் பிள்ளைகள் ஜமாவைப் பேசிவிட்டு வந்தார்கள். வாத்தியாருக்கு அப்போதே எழுபது வயதுக்கு மேல். "இனிமே அவரு எத்தனை தடவை கட்டுவாரோ, நீதான் மெஷின் வச்சிருக்கியே, புடிச்சு வையி" என்றார் பெரியம்மா.

மெஷின் என்றது என் மருமகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர். பெயர் எதற்கு? தப்பு அதன் மேல் பாதி, என் மேல் பாதி. 4 ஜிபி கார்டு போட்டிருந்தேன். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். ராத்திரி பத்திலிருந்து விடியும் வரைக்கும் கிட்டத்தட்டப் போதும். கணக்கில் நான் கெட்டி.

கூத்து தொடங்குவதற்கு முன்னால் களரி கட்டுவார்கள். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் அடித்து ஊரையே கூப்பிடுகிற நேரம் அது. சத்தத்தின் உச்சம் என்னவென்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த நேரத்தில் நான் பந்தியில் உட்கார்ந்து வடை பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது கட்டியங்காரன் வந்துவிட்டான். தனி ஆளாகப் பேச்சு, கிண்டல், சிரிப்பு. ரெக்கார்டரை மூங்கிலில் கட்டிவிட்டு லெவல் பார்த்தேன். மீட்டர் கீழேயே கிடந்தது. பக்கவாட்டில் மைக்குக்கு ஒரு சுவிட்ச், 'குறைவு', 'அதிகம்' என்று. அதிகத்தில் தள்ளினேன். மெனுவில் லெவல் எண்ணை 80-க்கு ஏற்றினேன். இப்போது மீட்டர் மைனஸ் 6 டெசிபல் வரைக்கும் எழும்பி எழும்பி இறங்கியது. கேசட் காலத்தில் கற்ற பழக்கம் அது: ஊசி சிவப்பை லேசாகத் தொட்டால்தான் நல்ல பதிவு.

பிறகு திரை பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் விருத்தம் எடுத்தார். அதுவரைக்கும் சரி. அவர் அடியை முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் நாலு பேர் அதை வாங்கினார்கள், முகவீணை மேலே ஏறியது, மிருதங்கம் விழுந்தது. சிவப்பு விளக்கு கொட்டக் கொட்ட முழித்தது. பதறிப்போய் லெவலை 80-லிருந்து 50-க்கு இறக்கினேன். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று பெஞ்சில் சாய்ந்துகொண்டேன். விடிய விடிய அந்த விளக்கு மறுபடி எரியவே இல்லை.

மறுநாள் விழுப்புரம் வந்து கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். சவுண்டு உடைந்திருந்தது. பின்பாட்டு வருகிற இடமெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி. ஆடாசிட்டியில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலையின் உச்சிகளெல்லாம் மொட்டை மாடி போலத் தட்டையாக இருந்தன. அதிசயம் என்னவென்றால், அந்தத் தட்டை கொள்ளளவின் விளிம்பில் இல்லை; அதற்குக் கீழே, பாதி உயரத்தில் இருந்தது. விளிம்பைத் தொடாத அலைக்கு எப்படித் தலை போனது?

மெஷினோடு வந்த புத்தகத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். மெனுவில் இருக்கிற எண், சத்தம் மைக் ஆம்ப்ளிபயரைத் தாண்டி எண்ணாக மாறின பிறகு அதைக் கூட்டிக் குறைக்கிற வேலையைச் செய்கிறது. உள்ளே நுழைகிற வாசலைக் கட்டுப்படுத்துவது பக்கவாட்டுச் சுவிட்சு மட்டும்தான். அது 'அதிகம்' என்ற இடத்திலேயே விடியும்வரை இருந்தது. முன்வாசலில் தலை இடித்து உடைந்த சத்தத்தைத்தான் நான் உள்ளே சின்னதாக்கி, பத்திரமாக, ஆறு மணி நேரம் சேமித்திருக்கிறேன். விளக்கு பின்வாசலில் நின்று பார்க்கிற காவல்காரன். அவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

இதில் எனக்கு வெட்கம் அதிகம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலுமாக மாறி மாறி. ஒரு மில்லிவாட் டோன் அனுப்பி, 600 ஓமில் 0.775 வோல்ட் வருகிறதா, அடுத்த ஸ்டேஷனில் எத்தனை டெசிபல் குறைந்து சேருகிறது என்று அளப்பதே என் பிழைப்பு. கேரியர் சிஸ்டத்தில் ஒரு சேனலில் லெவல் எகிறினால் மற்ற சேனல்களில் பேசுகிறவர்களுக்கும் இரைச்சல் கேட்கும் என்று புதிதாக வந்த பையன்களுக்குப் பாடம் நடத்தினவன். வரிசையாக நாலு கட்டம் இருந்தால் முதல் கட்டத்தில் கெட்டதைக் கடைசிக் கட்டத்தில் சரிசெய்ய முடியாது என்பது அதில் முதல் பாடம். ராத்திரி கூத்துக் கொட்டகையில் அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

உடைசல் ஏன் திரும்ப வராத நஷ்டம் என்பதை அந்தக் கேரியர் உதாரணத்தை வைத்தே சொல்லலாம். குரலும் முகவீணையும் சேர்ந்து போகும்போது உச்சி வெட்டுப்பட்டால், வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டிலும் இல்லாத புதுச் சத்தங்கள் பிறக்கின்றன. இரண்டின் சுருதிகளும் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாகிற சத்தங்கள். அவை குரல் இருக்கிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரைச்சலை ஓரளவு வடிகட்டலாம்; இதை வடிகட்ட முடியாது. ஆடாசிட்டியிலேயே வெட்டுப்பட்ட உச்சியைச் சரிசெய்ய ஒரு கருவி இருக்கிறது. அங்கங்கே ஒரு தும்மல், ஒரு கைத்தட்டல் வெட்டுப்பட்டிருந்தால் அது ஊகித்து வளைவு போட்டு ஒட்டிவிடும். ராத்திரி முழுக்க ஊகிக்கச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? நானும் பல நாள் முயற்சி செய்து பார்த்து விட்டுவிட்டேன்.

இனி என் அபிப்பிராயம். கேசட் காலத்துப் பழக்கத்தை எங்கள் வயதுக்காரர்கள் முதலில் தலைமுழுக வேண்டும். கேசட்டில் நாடாவின் இரைச்சல் பெரிய தொல்லை. சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே 50 டெசிபல் சொச்சம்தான் இடம். அதனால் முடிந்தவரை உரக்கப் பதிய வேண்டியிருந்தது. கொஞ்சம் மிஞ்சினாலும் நாடா உச்சியை நறுக்கென்று வெட்டாது, மெதுவாக மழுக்கும். காது பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் கதை வேறு. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று 16 பிட்டுக்கு 96 டெசிபல் இடம் இருக்கிறது. மேலே 20 டெசிபல் சும்மா விட்டாலும் மீதி 76, கேசட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் 0-க்கு மேலே ஒரு அங்குலம் கூடக் கிடையாது. சுவர்தான்.

அதனால் நான் சொல்வது: மீட்டர் பாதியைத் தாண்டாமல் சோம்பேறியாகக் கிடந்தால் கிடக்கட்டும். கூத்துக்கொட்டகையில் ஜெனரேட்டர், பூச்சி, குழந்தை அழுகை எல்லாவற்றின் சத்தமும் ரெக்கார்டரின் சொந்த இரைச்சலைவிட அதிகம். குறைவாகப் பதிந்ததைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளலாம். களரி கட்டும்போது லெவல் பாருங்கள். அந்த உச்சமே மைனஸ் 12-ஐத் தாண்டாதபடி வையுங்கள். விடியற்காலையில் பதினெட்டாம் போர் உச்சத்தில் எல்லாருக்கும் ஆவேசம் வரும்போது அந்த 12-ம் வேண்டியிருக்கும். அப்புறம் பழைய ஊசி மீட்டரை நம்பாதீர்கள். அது பேச்சின் சராசரியைக் காட்டச் செய்தது. மிருதங்க அடியோ தவில் அடியோ ஊசி எழுந்திருப்பதற்குள் வந்து போய்விடும். ரெக்கார்டரை இன்னும் தள்ளி வைப்பதும் நல்ல உபாயம். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும்.

இந்த இடத்தில் மைக் செட்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் கூத்துக்கும் மேலே மைக் தொங்குகிறது. ரேடியோ செட் தம்பிகள் நல்ல பிள்ளைகள். கேட்டால், "சார், ஆம்ப்ளிபயர்லேயே குத்திக்குங்க, கிளியரா இருக்கும்" என்பார்கள். என் நண்பர் ஒருவர் விழுப்புரத்தில் ஒரு கோயில் கச்சேரியில் அப்படித்தான் லைன் அவுட்டிலிருந்து வயரை எடுத்து ரெக்கார்டரின் மைக் துளையில் செருகினார். மைக் தருவது சில மில்லிவோல்ட். லைனில் வருவது கால் வோல்ட், ஒரு வோல்ட் கணக்கு. எறும்புப் புற்றில் குடத்துத் தண்ணீரை ஊற்றின கதைதான். லெவலை ஒன்றுக்கு இறக்கியும் சவுண்டு கிழிந்தது. லைன் இன் துளை தனியாக இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் 10 கிலோ ஓம் ஒன்று, 100 ஓம் ஒன்று, இரண்டு ரெசிஸ்டரை வைத்து நூறில் ஒரு பங்காகக் குறைக்கிற வயர் ஒன்று பற்றவைத்துக்கொள்ளுங்கள். சரியாக 40 டெசிபல் குறையும். ரெசிஸ்டர் சில்லறைக் காசு. ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியில் மட்டும் கை வைக்காதீர்கள். குழாய் ஸ்பீக்கர் லைன்களில் 100 வோல்ட் வரைக்கும் ஓடும், ரெக்கார்டரோடு போகாது.

இப்போது தம்பி மகன் கட்சி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "ஏன் பெரியப்பா கஷ்டப்படறீங்க, ஆட்டோல போட்டா அதுவே பாத்துக்கும்" என்றான் முதலில். ஆட்டோவை நான் அறியாதவன் இல்லை. 1986-ல் ஒரு மோனோ டேப் ரெக்கார்டரில் என் அம்மா நடவுப் பாட்டுப் பாடினதைப் பிடித்தேன். அந்த மாதிரி டேப் ரெக்கார்டர்களில் லெவல் குமிழே இருக்காது, எல்லாம் தானாகத்தான். அம்மா பாடும்போது அம்மா குரல். மூச்சு விட நிறுத்தினால் மெஷின் பதறிப்போய்க் காதைத் தீட்டும். உடனே இரைச்சல் பொங்கி வரும், கொல்லையில் கூவுகிற சேவல் அம்மாவுக்குச் சமமாக வந்து நிற்கும். அம்மா குரலை ஏற்றினது எங்கே, இறக்கினது எங்கே என்று அந்தக் கேசட்டில் தெரியாது. எல்லாம் ஒரே மட்டம். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒரு வார்த்தை கூட உடையவில்லை. இன்றைக்கும் என் அக்கா அதைக் கேட்டுவிட்டு அழுகிறாள். பெரியவர்களிடம் உட்கார்ந்து பேட்டி எடுப்பதற்கு, ஊர்க்கதை கேட்பதற்கு, ஆட்டோவே போதும். கூத்துக்கு ஆகாது. கூத்தில் ஏற்ற இறக்கம்தான் பாதி அர்த்தம். திரைக்குப் பின்னாலிருந்து வருகிற குரலும் திரை விலகினதும் வருகிற குரலும் ஒரே அளவில் கேட்டால் அங்கே திரை இருந்ததே தெரியாமல் போகும்.

"சரி, 32 பிட் ஃப்ளோட் வாங்குங்க" என்றான் அடுத்து. இது நியாயமான பேச்சு. 2019 வாக்கில் ஜூம், சவுண்ட் டிவைசஸ் போன்ற கம்பெனிகள் இந்த வகையைக் கையில் தூக்கிப் போகிற ரெக்கார்டர்களில் கொண்டுவந்தன. ஒரே சத்தத்தை மெல்லியதற்கு ஒன்று, உரத்ததற்கு ஒன்று என்று இரண்டு மாற்றிகள் வாங்கி, பிறகு பொருத்தமாகச் சேர்க்கின்றன. லெவல் வைக்கிற வேலையே அநேகமாக இல்லை. வசதி உள்ளவர்கள் வாங்கலாம், வயதானவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மைக்கே திணறிப்போனால் அதற்குப் பின்னால் எத்தனை பிட் இருந்தும் புண்ணியமில்லை. குழாய் ஸ்பீக்கரிலேயே உடைந்து வருகிற சத்தத்தை அது உடைந்தபடியேதான் துல்லியமாகப் பதியும். அதற்கும் முன்பே டாஸ்காமின் டிஆர்-40 போன்ற ரெக்கார்டர்களில், அதே சத்தத்தை 12 டெசிபல் குறைத்து இன்னொரு பிரதியாகவும் பதிகிற வசதி இருந்தது. எனக்கு அது 32 பிட்டைவிடப் பிடிக்கும். பெட்டியில் மாற்று வேட்டி ஒன்று வைத்துக்கொள்கிற மாதிரி.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது பேசுவதற்காகச் செய்தது, பறைக்காகச் செய்ததில்லை.

ரெக்கார்டர் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வாசலைக் கட்டுப்படுத்தாத எண்ணுக்கு லெவல் என்று பெயர் வைக்கக் கூடாது. சிவப்பு விளக்கு உள்ளே நுழைகிற இடத்தைப் பார்த்து எரிய வேண்டும். இதை எழுதி அனுப்பலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன், விலாசம் தேடிவிட்டு விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கூத்துக்கும் திரௌபதை அம்மன் விழாக்களுக்கும் உலகத்தில் மரியாதை இல்லாமல் இல்லை. செஞ்சி பக்கம் மேலச்சேரியில் வந்து தங்கி ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபெய்ட்டல் என்கிற அமெரிக்கப் பேராசிரியரின் திரௌபதி வழிபாட்டு நூலின் முதல் பாகத்தை 1988-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. புத்தகத்தில் கதை இருக்கும், சடங்கு இருக்கும். எழுபது வயது வாத்தியார் பொன்னுருவியோடு வழக்காடும்போது எந்த எழுத்தில் குரலை இழுத்து எந்த எழுத்தில் விட்டார் என்பது புத்தகத்தில் வராது. அது என் 4 ஜிபி கார்டில் வந்திருக்க வேண்டியது.

வாத்தியார் 2016-ல் காலமானார். செய்தி கேட்டதும் நான் முதலில் நினைத்தது இந்தப் பதிவைத்தான். கருமாதிக்குப் போனேன். யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். மெஷின் கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பரவால்ல சார், போடுங்க" என்றார். போட்டேன். பின்பாட்டு வருகிற இடங்களில் முகத்தைச் சுளித்தார். பொன்னுருவி காட்சியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இது என்ன வார்த்தை சார்?" என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. அவர் சிறு பிள்ளையில் கேட்டதை வைத்து ஒன்று சொன்னார், நோட்டில் கேள்விக்குறி போட்டு எழுதிக்கொண்டார். தாத்தா பாடின மெட்டு அந்தக் கரகரப்புக்குள்ளே பாதி தெரிந்தது, பாதி அவர் ஊகித்தார். அவரும் ஆடாசிட்டி மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவருடைய ஊகத்துக்கு ரத்தபாத்தியதை இருக்கிறது.

கடைசிக்கு வந்தோம். விடிகிற நேரம். கர்ணன் களத்தில் விழுந்து கிடக்கிறான், கிருஷ்ணர் கிழப் பிராமணராக வந்து அவன் செய்த தர்மத்தையெல்லாம் யாசகமாகக் கேட்கிறார். வாத்தியார் அங்கே கத்தவில்லை. ராத்திரி முழுக்க ஆடின களைப்பும் சேர்ந்து அடித்தொண்டையில் மெதுவாகப் பாடினார். மிருதங்கம் விரலால் மட்டும். பின்பாட்டுக்காரர்களும் ஓய்ந்துபோய்ப் பாதிக் குரலில் வாங்கினார்கள். அந்தப் பத்தொன்பது நிமிஷம் ஒரு உடைசல் இல்லை. மூச்சு இழுக்கிறது கூடக் கேட்கிறது. தம்பி இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கூடவே பாடினார்.

பென் டிரைவில் ஆறு மணி நேரத்தையும் போட்டுக் கொடுத்தேன். வெட்டி எடுத்துக் கொடுக்கட்டுமா என்றதற்கு, "வேணாம் சார், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

சித்திரையில் அவர் வேஷம் கட்டும்போது நான் போகிறேன். பெரியம்மாவும் வருகிறேன் என்கிறார், தொண்ணூறு ஆகப் போகிறது. பழைய மெஷினையே எடுத்துப் போகிறேன். பக்கவாட்டுச் சுவிட்சைக் 'குறைவு' பக்கம் தள்ளி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டியாயிற்று. வீட்டில் சொல்லிவிட்டேன், களரி கட்டி முடிகிறவரைக்கும் எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று.